ஜன்னலோரக் கட்டில்

என் கடையில் அதிகம் விற்பது தொப்பியும் தண்ணீர் பாட்டிலும். அதற்கு அடுத்தபடி எதிர்வீட்டின் படம். தபால் அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். ஆற்றங்கரைத் தெரு வளைகிற இடத்தில், பின்னால் மலை தெரிய, சரிந்த ஓட்டுக் கூரையும் நீலச் சட்டம் போட்ட பெரிய ஜன்னலுமாக அந்த வீடு நிற்கும். ஜன்னலுக்குள் உற்றுப் பார்த்தால் ஒரு கட்டிலின் தலைமாடு தெரியும். ஊர் பார்க்க வருகிறவர்கள் அட்டையைக் கையில் எடுப்பார்கள், எதிரே இருக்கிற வீட்டை ஒருமுறை பார்ப்பார்கள், படமும் வீடும் ஒன்றுதான் என்று திருப்திப்பட்ட பிறகுதான் வாங்குவார்கள்.

அந்தக் கட்டிலில் படுக்க வேண்டும் என்று அந்த வீட்டுக்காரர் ஆசைப்பட்டார். அவர் வீடு, அவர் ஜன்னல், அவர் கட்டில். ஊரை வளைத்துப் போடுகிற ஆசை ஒன்றும் இல்லை. அதை நடத்திக் கொடுக்க அவர் மனைவி பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதுகிறேன். அட்டையின் பின்பக்கத்தில் அந்த வீட்டைப் பற்றி அழகான எழுத்தில் நாலு வரி போட்டிருக்கிறார்கள். அதில் இதெல்லாம் இருக்காது.

தெருவில் எல்லோருக்கும் அவள் டெய்லரக்கா. பள்ளிக்கூடச் சீருடை தைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பிள்ளைகள் வளர்வார்கள் என்று உள்மடிப்பில் துணி விட்டுத் தைப்பாள். அடுத்த வருடம் பிரித்து இறக்கிவிட்டால் போதும். கை அப்படி. வாய் வேறு மாதிரி. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால் அவளுக்குத் தாங்காது. மருந்துக்கடைக்காரர் மனைவி இடுப்பளவைக் கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிட்டாள் என்பதற்காக, நாலு பேர் காத்திருக்கும்போது நாடாவைச் சுற்றி, உள்ள அளவை உரக்கப் படித்தவள் அக்கா. தன் மகன் மேனேஜர் என்று ஒருவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, "மேனேஜருக்கு உதவியா இருக்கான்னுதான போன மாசம் சொன்னீங்க" என்று கேட்டுவிட்டு ஊசியில் நூல் கோத்தாள். கெட்ட எண்ணம் துளியும் கிடையாது. சட்டையில் தையல் கோணலாகப் போனால் பிரித்துத் தைப்பாள் அல்லவா, பேச்சிலும் அதையே செய்வாள்.

அவள் வீட்டுக்காரர் படகு மெக்கானிக். ஆற்றில் ஓடுகிற சுற்றுலாப் படகுகளின் எஞ்சின்களுக்கெல்லாம் அவர்தான் வைத்தியர். நகக்கண்ணில் கரி, சட்டையில் டீசல் வாசம், வாயில் எந்நேரமும் கிண்டல். நான் அவர் மனைவியை அக்கா என்று கூப்பிட்டுவிட்டேன் என்கிற ஒரே காரணத்துக்காக என்னை மச்சான் ஆக்கிக்கொண்டார். "உங்கக்காகிட்ட பொய் சொல்லிட்டு ஒருத்தன் குடும்பம் நடத்த முடியாது மச்சான். நான் உண்மை சொல்லியே பாதி மனுஷனா இளைச்சுட்டேன்" என்பார். ஒரே மகள், கல்யாணமாகி வெகுதூரத்தில் இருக்கிறாள். இரண்டு பேர் வாழ்வதற்கு அந்த வீடு மிகப் பெரியது. அதனால்தான் வினையே வந்தது.

ஒரு பெருமழையில் நடுக்கூடத்தின் உத்திரம் முறிந்து கூரை உள்ளே இறங்கிவிட்டது. தகரம் போட்டுக்கொள்ளலாம் என்று மெக்கானிக் ஏணியைத் தூக்கினார். அப்போதுதான் தெரிந்தது, எங்கள் தெரு தெரு இல்லையாம், பாரம்பரியமாம். ஓடு உடைந்தால் அதே மாதிரி ஓடு, மரம் போனால் அதே மாதிரி மரம். தகரம் போட்டால் வழக்கு. இருக்கிறவர்கள் நனைந்தால் அதற்குத் தடை எதுவும் இல்லை. அந்த மாதிரி ஓட்டை இப்போது யார் சுடுகிறார்கள், அந்த மரத்துக்கு எங்கே போவது? மெக்கானிக் ஒரு வாரம் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த நேரம் பார்த்து வந்து நின்றவர் சங்கத்தின் செயலாளர். ஊரின் பழமையைக் காப்பாற்ற விடுதிக்காரர்கள் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். ஆற்றோரத்துப் பெரிய விடுதி இவருடையது. எதைப் பேசினாலும் 'சரித்திரம்' என்று ஆரம்பிப்பதால் தெருவில் அவருக்குப் பெயரே சரித்திரம்தான். பேச்சில் தேன் ஒழுகும். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு, நாம் சொல்வதை முழுக்கக் கேட்பார். கேட்டு முடித்துவிட்டுத் தான் நினைத்து வந்ததைச் சொல்வார். அவர் குடியிருப்பது மலைக்கு அந்தப் பக்கம், புதுசாகக் கட்டின கான்கிரீட் பங்களாவில்.

கூரையைச் சங்கமே பழைய முறைப்படி வேய்ந்து தரும். பதிலுக்குக் கூடமும் ஜன்னல் அறையும் பத்து வருடத்துக்கு வருகிறவர்கள் பார்ப்பதற்காகத் திறந்திருக்கும். சமையலறையும் அதற்குப் பின்னால் இருக்கும் சாமான் அறையும் குடும்பத்துக்கு. இதுதான் பேச்சு. மெக்கானிக் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார். "பகல்ல நான் ஆத்துல கெடக்கேன், அவ மெஷின்ல கெடக்கா. வந்து பாத்துட்டுப் போகட்டுமே. என்ன குறைஞ்சுடப் போகுது" என்றார்.

கட்டில் விஷயம் அன்றைக்கே நடந்தது. ஜன்னல் அறையில் நின்று அளவெடுத்துக்கொண்டிருந்த சரித்திரம், தன் விடுதியில் கிடந்த பழைய எழுத்து மேசை ஒன்றை அங்கே போடலாம் என்று முடிவு செய்தார்.

"இந்தக் கட்டிலைப் பின்னால தள்ளிடுங்க. நீங்க படுத்துக்க வச்சுக்கலாம். இது சாதாரணமாத்தான் இருக்கு" என்றார்.

வாயை மூடிக்கொண்டு அக்கா சரி என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தப்பாகச் சொன்னதை விட்டுவிட அவளால் முடியுமா?

"சாதாரணமா? இது இவரோட தாத்தா காலத்துக் கட்டில் சார். இந்த வீட்டுக்குக் கூரை போட்ட ஆசாரியேதான் செஞ்சார். தேடிப் பாருங்க, ஒரு ஆணி கூட இருக்காது. எல்லாம் மரத்துக்குள்ள மரம். இவர் பொறந்தது, இவங்கப்பா கண்ணை மூடினது, எம்பொண்ணு பொறந்தது, எல்லாம் இதுலதான்."

சொல்லிவிட்டு முந்தானையால் கட்டிலின் காலைத் துடைத்துப் பளபளப்பைக் காட்டவும் செய்தாள். சரித்திரத்தின் முகம் மலர்ந்தது. அடுத்த வாரம் கட்டிலைச் சுற்றி நான்கு பித்தளைக் கம்பங்கள் முளைத்தன. அவற்றை இணைத்துச் சிவப்பாக ஒரு கயிறு. தொடக்கூடாது என்று ஒரு பலகை. மேசையும் சுவர்க்கடிகாரமும் விடுதியிலிருந்து இரவலாக வந்தவை என்பதால் சாயங்காலம் ஆனால் அந்த அறைக்குப் பூட்டு. சாவி சங்கத்துக்கு.

இப்படியாக அவர்கள் வீட்டில் ஒரு நாள் விடிவது என்றால் எல்லாவற்றையும் ஒளித்து வைப்பது என்று ஆயிற்று. மிக்சி, டி.வி., பிளாஸ்டிக் வாளி, போன் சார்ஜர், வங்கி கொடுத்த காலண்டர், ரப்பர் செருப்பு, எல்லாம் சாமான் அறைக்குள் போகும். செப்புக் குடமும் அரிக்கன் விளக்கும் வெளியே வரும். அக்காவின் மின்சாரத் தையல் மெஷினும் உள்ளே போயிற்று. கூடத்தில் ஒரு மிதி மெஷினைப் போட்டு, வருகிறவர்கள் பார்க்கும்போது அதில் தைக்கச் சொன்னார்கள். சீருடைத் துணி கண்ணுக்கு நன்றாக இல்லையாம். வெள்ளைத் துணி ஒன்றைக் கொடுத்தார்கள். பகலில் அதைத் தைப்பாள், சாயங்காலம் பிரிப்பாள், மறுநாள் அதையே தைப்பாள். வயிற்றுப்பாட்டுத் தையல் விடிகாலையில் சமையலறையில் நடக்கும்.

"எல்லாத்தையும் ஒளிச்சுட்டே. என்னை எங்க ஒளிப்பே? மேல டீசல் வாசம் அடிக்குதே" என்று மெக்கானிக் கேட்பார். ஒருநாள் மத்தியானம் சமையலறையில் உட்கார்ந்து அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்ததை ஒரு கூட்டம் எட்டிப் பார்த்தது. அதில் ஒரு அம்மாள் வழிகாட்டிப் பெண்ணிடம், "இவர் தினமும் வருவாரா?" என்று கேட்டாள். மெக்கானிக் வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, "சம்பளம் ஒழுங்கா குடுத்தா வருவேன்மா" என்றார். அந்தக் கதையை என் கடை வாசலில் நின்று எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. நாங்கள் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

பிறகு அவருக்கு நெஞ்சு கெட்டது. வாழ்நாளெல்லாம் எஞ்சின் புகையைக் குடித்த நுரையீரல், இனி முடியாது என்று கையை விரித்துவிட்டது. நாலு எட்டு நடந்தால் உட்கார வேண்டும், உட்கார்ந்தால் இருமல், படுத்தால் மூச்சு முட்டும். பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். தலையை உயர்த்திப் படுக்க வையுங்கள், நல்ல காற்று வருகிற இடமாகப் பார்த்து வையுங்கள் என்றார் டாக்டர். அதற்கு மேல் செய்ய ஒன்றும் இல்லை என்பதை அவர் சொல்லாமலே அக்கா புரிந்துகொண்டாள்.

நல்ல காற்று வருகிற இடம் அந்த வீட்டில் ஒன்றுதான். அதைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தது. சாமான் அறையில் இரும்புக் கட்டில் ஒன்றைப் போட்டு அவரைப் படுக்க வைத்தார்கள். ஜன்னல் கிடையாது. கூரையை ஒட்டி ஒரு சின்ன வெளிச்சத் துவாரம், அவ்வளவுதான். தலைமாட்டில் கேஸ் சிலிண்டர், கால்மாட்டில் டி.வி., பக்கத்தில் வாளிகள். காலையில் ஒளித்து வைக்க வேண்டியவை ஒவ்வொன்றாக உள்ளே வரும்போது அவர் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். நான் பார்க்கப் போனபோது, "நான் அப்பவே கேட்டேன் மச்சான், என்னை எங்க ஒளிப்பேன்னு. பாரு, இடம் கண்டுபிடிச்சுட்டா" என்றார். நான் சிரிக்க முயற்சி செய்தேன். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவர் கேட்டது ஒன்றுதான். மருந்து வேண்டாம், மகளைக்கூட அலைக்கழிக்க வேண்டாம் என்றார். "அந்த ஜன்னலோரத்துல படுத்தா மூச்சு வரும். ஆத்துக் காத்து நேரா மூஞ்சியில அடிக்கும். எங்கப்பனும் அதுலதான் படுத்துக் கெடந்தான். என்னை அங்க கொண்டுபோய்ப் போடும்மா" என்று மனைவியிடம் கெஞ்சினார். ஆயுசு முழுக்க அவர் வாயிலிருந்து கிண்டலைத் தவிர வேறு எதையும் கேட்டறியாதவள் அக்கா. அந்தக் கெஞ்சல் அவளைப் பிடித்து உலுக்கிவிட்டது.

மறுநாளே விடுதிக்குப் போனாள். என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு போனாள். சரித்திரம் எழுந்து நின்று வரவேற்றார். நாற்காலி போட்டார். கையைக் கட்டிக்கொண்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்டார்.

"உங்க மனசு எனக்குப் புரியுதும்மா. எங்கப்பாவும் இப்படித்தான் கஷ்டப்பட்டார். ஆனா யோசிச்சுப் பாருங்க. ஊர் ஊரா இருந்து அந்த அறையைப் பாக்கத்தான் வர்றாங்க. வர்றவங்க கண்ணு முன்னாடி ஒரு நோயாளியைப் படுக்க வச்சா அவருக்குத்தானே சங்கடம்?"

"அவருக்கு என்ன சங்கடம்ங்கறதை அவர்கிட்ட கேளுங்க சார். மூச்சு விட முடியலங்கறதுதான் அவருக்குச் சங்கடம்."

"சரிம்மா. ஒண்ணு பண்ணலாம். சீசன் முடியட்டும். மழை ஆரம்பிச்சா கூட்டம் இருக்காது. அப்ப நானே வந்து கயித்தை அவுத்து விடுறேன்."

"மழை வர்ற வரைக்கும் அவர் இருப்பாரா சார்?"

"அப்படியெல்லாம் பேசக்கூடாது. நல்லதே நினைப்போம்."

நல்லதே நினைக்கச் சொல்லிவிட்டு அவர் எங்களை வாசல் வரை வந்து வழியனுப்பினார். அத்தனை மரியாதை. செருப்பால் அடித்திருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு எரிந்திருக்காது.

அடுத்து வந்தது இருமல். நோயாளியின் இருமல் சொல்லிக்கொண்டா வரும்? கூடத்தில் ஒரு கூட்டம் நின்றிருந்தபோது பின்னாலிருந்து விடாமல் கேட்டது. யார் இருமுவது என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். வழிகாட்டிப் பெண் நல்ல பெண்தான். வீட்டைச் சுற்றிக்காட்டுவது அவள் பிழைப்பு, அதில் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறாள். சங்கடப்பட்டுக்கொண்டு, "பக்கத்து வீட்டுல" என்று சொல்லிவிட்டாள். மிதி மெஷினில் வெள்ளைத் துணியோடு உட்கார்ந்திருந்த அக்கா தலை நிமிராமலே சொன்னாள்: "பக்கத்து வீடு இல்ல. என் வீட்டுக்காரர். உள்ள சாமான் ரூம்ல இருக்கார்."

இது சங்கத்தின் காதுக்குப் போயிற்று. கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கிற கதவைப் பகலில் சாத்தி வைக்கும்படி உத்தரவு வந்தது. அந்தக் கதவு வழியாகத்தான் சாமான் அறைக்குக் கொஞ்சநஞ்சம் காற்று போய்க்கொண்டிருந்தது. அதுவும் போயிற்று. தன் வாயால் வந்த கேடு இது என்று அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏன் தம்பி எனக்கு நாக்கு அடங்க மாட்டேங்குது?" என்று என்னிடம் கேட்டாள். ஒரு அட்டை விசிறி எடுத்துக் கொடுத்தேன். வருகிறவர்களுக்கு விற்கிற விசிறி, அதிலும் அந்த வீட்டின் படம்தான் இருந்தது.

கடைசியில் இரக்கப்பட்டது வழிகாட்டிப் பெண்தான். அவளும் எத்தனை நாளைக்குக் கதவைச் சாத்திக்கொண்டு நிற்பாள்? ஒரு வியாழக்கிழமை, கூட்டத்தை அனுப்பிவிட்டுச் சமையலறைக்குள் வந்தாளாம்.

"ஆன்ட்டி, திங்கக்கிழமை லீவு. சாவி எங்கிட்டதான் இருக்கும். காலைல வந்து தொறந்து விடுறேன். பகல் பூரா அங்கிள் அங்க படுக்கட்டும். சாயங்காலம் கயித்தைக் கட்டிட்டா யாருக்கும் தெரியாது. யார்கிட்டயும் மூச்சு விட்டுடாதீங்க. முக்கியமா நீங்க."

அன்றைக்கு அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. என்னிடம் மட்டும் சொன்னாள், தூக்கிப் படுக்க வைக்க ஆள் வேண்டுமே. அந்த வெள்ளைத் துணியை, பகலெல்லாம் தைத்துச் சாயங்காலம் பிரிக்கிற அந்தத் துணியை, எடுத்துத் தலையணை உறையாக வெட்டித் தைத்துவிட்டாள். சங்கத்துத் துணியாயிற்றே என்றேன். "கேட்டா நான் சொல்லிக்கறேன்" என்றாள். ஓரத்தில் நீல நூலால் ஒரு வரி ஓட்டியிருந்தாள். மெக்கானிக்குக்கும் முகத்தில் களை வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை நான் போனபோது, "மச்சான், திங்கக்கிழமை என்னைப் பூ மாதிரி தூக்கணும். எஞ்சினைத் தூக்கற மாதிரி தூக்கிடாதே" என்றார். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் நின்று மூச்சு வாங்கித்தான் சொன்னார். இருந்தாலும் சொல்லி முடித்தார்.

சனிக்கிழமை பகல். நான் கடையில் தொப்பிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தெருவில் நல்ல கூட்டம், எதிர்வீட்டு வாசலில் வரிசையே நின்றது. பின்சந்து வழியாக அக்கா வந்து என் கடையின் ஓரத்தில் நின்றாள். கையில் அந்த அட்டை விசிறி.

"தம்பி, அவர் போயிட்டார். கொஞ்சம் வா" என்றாள். பிறகு மெதுவாக, "உள்ள ஆளுங்க இருக்காங்க. எனக்கு எப்படி அழறதுன்னு தெரியல" என்றாள்.

கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன். சாத்தியிருந்த கதவுக்கு அந்தப் பக்கம் சரித்திரக் கதை நடந்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் அவர் வாளிகளுக்கும் சிலிண்டருக்கும் நடுவில், வெளிச்சத் துவாரத்தைப் பார்த்தபடி வாய் திறந்து கிடந்தார். அக்கா தரையில் உட்கார்ந்து தலையணை உறையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். வெளியே யாரோ கடிகாரம் ஓடுகிறதா என்று கேட்டார்கள். ஓடுகிறது என்று பதில் வந்தது.

செய்தி தெரிந்து சரித்திரம் ஓடோடி வந்தார், கண் கலங்கினார். கலங்கியது நடிப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் மகள் வந்து சேர்ந்து, எடுத்துக்கொண்டு புறப்படும் நேரத்தில், "கூடத்துல மிதி மெஷின், குடம், விளக்கெல்லாம் இருக்கும்மா, இடிச்சுடப் போகுது. பின்வாசல் வழியாப் போயிடலாமே" என்றார். பிறந்த வீட்டின் முன்வாசல் வழியாகப் போகக்கூட மெக்கானிக்குக் கொடுத்து வைக்கவில்லை. சாக்கடை ஓரமாகப் பின்சந்தில் தூக்கிக்கொண்டு போனோம். திங்கட்கிழமை ஜன்னல் அறை பூட்டியே இருந்தது.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பழையபடி கூட்டம். அந்த வாரமே சரித்திரம் வந்து அக்காவிடம் மெக்கானிக்கின் மூக்குக்கண்ணாடியை நினைவுக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டார். கொடியில் காய்ந்த தலையணை உறை அவர் கண்ணில் பட்டது, அதையும் கேட்டார். அக்கா எந்த நினைவில் கொடுத்தாளோ. இரண்டும் ஜன்னலோரக் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தன. நீல வரி போட்ட உறைக்குள் ஒரு தலையணை, அதன் மேல் மடித்து வைத்த கண்ணாடி. வழிகாட்டிப் பெண்ணுக்குப் புதிதாக நாலு வரி மனப்பாடம் செய்யக் கொடுத்தார்கள்.

மறுநாள் அக்கா சமையலறையில் இருந்தபோது அந்த நாலு வரி காதில் விழுந்தது.

"இந்த வீட்டுல வாழ்ந்த கடைசி ஆண் வாரிசு, இந்தக் கட்டில்ல படுத்துதான், ஜன்னல் வழியா ஆத்தைப் பாத்துக்கிட்டே அமைதியா கண்ணை மூடினார்."

அக்கா எழுந்து கூடத்தைத் தாண்டி ஜன்னல் அறை வாசலில் வந்து நின்றாள்.

"இல்ல. இங்க இல்ல. கேட்டும் இங்க படுக்க விடல. அமைதியாவும் போகல. வாங்க, எங்கன்னு காட்டறேன்."

கூட்டம் அவள் பின்னால் போயிற்று. சாமான் அறையின் கதவைத் திறந்தாள். இரும்புக் கட்டில், சிலிண்டர், வாளிகள், துவாரம். ஒளித்து வைத்த எல்லாவற்றையும் அன்றைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். எப்படி மூச்சு முட்டியது, எதைக் கேட்டார், என்ன பதில் வந்தது, எல்லாம் சொன்னாள். ஒரு பெண் விம்மி அழுதாள். ஒருவர் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மூன்று பேர் போனை உயர்த்திப் பிடித்திருந்ததை அவள் கவனிக்கவில்லை. எனக்கு அவள் அதை வந்து சொன்னபோது முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. சங்கம் என்ன செய்துவிடும், வீட்டை விட்டுத் துரத்தட்டுமே என்றாள். துரத்துவார்கள் என்றுதான் நானும் நினைத்தேன்.

சங்கத்தை நாங்கள் இரண்டு பேரும் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம். போனில் எடுத்த அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றியிருக்கிறது. சாமான் அறையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வாரக் கடைசியில் சரித்திரமே வந்தார், அக்காவின் முன்னால் கைகூப்பினார்.

"நீங்க என் கண்ணைத் திறந்துட்டீங்கம்மா. இதுதான் உண்மையான சரித்திரம். இதை மறைக்கக் கூடாது."

மறைக்கவில்லை. சிலிண்டரையும் வாளிகளையும் வைத்த இடத்திலேயே வைத்து, தரையைக் கழுவி, துவாரத்துக்குக் கீழே ஒரு சின்ன விளக்குப் போட்டு, இரும்புக் கட்டிலைச் சுற்றி நான்கு பித்தளைக் கம்பங்களை நட்டார்கள். சிவப்புக் கயிறும் வந்தது. அக்காவின் டிரங்குப் பெட்டியும் பாயும் சமையலறைக்கு இடம் மாறின. இப்போது அடுப்புக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் படுக்கிறாள். சமையலுக்கு வேறு சிலிண்டர். பழையது காட்சிப்பொருள்.

மகள் போன் செய்யும்போதெல்லாம் வரச் சொல்லி அழைக்கிறாள். "நான் வந்துட்டா இங்க உங்கப்பாவைப் பத்தி இவங்க வாய்க்கு வந்ததைப் பேசுவாங்க" என்று அக்கா மறுத்துவிடுகிறாள். மகளுக்குக் கோபம். ஒருநாள் எனக்கே போன் போட்டு, "மாமா, நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று அழுதாள்.

இதற்குள் இன்னொன்றைக் கவனித்தேன். என் கடை வாசலில் நின்றால் எதிர்வீட்டுப் பேச்சு கேட்கும். வழிகாட்டிப் பெண் மறுபடியும் அந்தப் பழைய நாலு வரியையே சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கூட்டத்துக்கும். கண்ணை மூடினார் என்று முடித்துவிட்டுச் சற்று நிறுத்துவாள். அக்கா உள்ளேயிருந்து வந்து நின்று, இல்லை, இங்கே இல்லை என்பாள். கூட்டம் சட்டென்று திரும்பும், போன்கள் மேலே எழும்பும். வழிகாட்டிப் பெண் தண்ணீர் வாங்க வந்த ஒருநாள் அவளைப் பிடித்துக் கேட்டேன்.

"ஏம்மா, உனக்குத்தான் உண்மை தெரியுமே. ஏன் அதையே திரும்பத் திரும்பச் சொல்றே?"

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. பாட்டில் மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நான் என்ன பண்றது அண்ணே. மாத்திச் சொன்னா செயலாளர் திட்றார். நான் தப்பாச் சொல்லணுமாம், ஆன்ட்டி வந்து திருத்தணுமாம். அதைப் பாக்கத்தான் இப்ப எல்லாரும் வர்றாங்களாம்."

கடையை அப்படியே விட்டுவிட்டுப் பின்சந்து வழியாகப் போனேன். அக்கா சமையலறைத் தரையில் உட்கார்ந்து ஒரு சீருடைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். உன்னை வைத்து வேடிக்கை காட்டுகிறார்கள், நாளையிலிருந்து வாயைத் திறக்காதே, அவள் சொல்லிவிட்டு நிற்கட்டும், கூட்டம் ஏமாந்து போகட்டும் என்றேன். அக்கா நூலைப் பல்லால் கடித்தாள்.

"தெரியும் தம்பி. அந்தப் பொண்ணு நிறுத்தற விதத்துலயே தெரிஞ்சுது."

"தெரிஞ்சுமா போய் நிக்கறே?"

"நான் பேசாம இருந்துட்டா, அவர் அந்தக் கட்டில்ல படுத்து, ஆத்தைப் பாத்துட்டே போனார்னு ஆயிடும்ல. இவங்க அவரைப் படுக்க விட்டாங்கன்னு ஆயிடும்ல."

கூடத்தில் காலடிச் சத்தங்கள் கேட்டன. அடுத்த கூட்டம் உள்ளே வந்துவிட்டது. வழிகாட்டிப் பெண் கூரையைப் பற்றியும் மேசையைப் பற்றியும் சொல்லிக்கொண்டே ஜன்னல் அறைக்கு அழைத்துப் போனாள். பிறகு அந்த நாலு வரி. சொல்லி முடித்து அவள் நிறுத்தினாள். அக்கா சீருடையை மடித்துப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு எழுந்து போனாள்.